தொட்டிக்கடியில் சிவப்புக் கோப்பைகள்

என் தங்கை சிவமலர் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லவேண்டியிருக்கும் அழுக்குக்குள் அவை காணாமல் போய்விடக் கூடாது.

லண்டனில், குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டு, நான்காம் முறை இந்த நாட்டில் இருக்க அனுமதி வாங்கினாள். கணவனைப் போரில் இழந்து, ஒரு மகளைத் தனியே வளர்த்துப் படிப்பித்தாள். எழுத வாசிக்கத் தெரியாமலே, வங்கிகள் நிறைந்த சிட்டிப் பகுதியில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் துப்புரவு வேலைக்குச் சூப்பர்வைசர் ஆனாள். ஆங்கிலம் அரைகுறையாக இருந்தபோதே, சண்டை பிடிக்கவும் சமாதானம் பேசவும் போதுமான ஸ்பானிஷ் பழகினாள். ஒரு பெண்ணின் மேல் போட்ட ‘திருடி’ என்ற சொல்லை, போட்டவரையே திரும்ப எடுக்க வைத்தாள். அதற்காகச் சூப்பர்வைசர் வேலையை இழந்தாள். அந்த இழப்பையும் நான் வென்றவற்றோடுதான் சேர்க்கிறேன்.

நான் அவளுடைய அண்ணன் பாலேந்திரா. ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். டூட்டிங்கில் நம்மவர் பலசரக்குக் கடை ஒன்றில் பெட்டி இறக்கி அடுக்கும் வேலை. நான் கண்டதைக் கண்டதாகவும், அவள் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

அவள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. 1959இல், ஆறு வயதில், ஒரேயொரு நாள் போனாள். எங்கள் பகுதிப் பிள்ளைகள் பின்னால் நிலத்தில் இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும்; அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். தண்ணீர்ப் பானையைப் பற்றிச் சொல்லித்தர நான் நினைக்கவில்லை. தாகத்துக்கு அவளே மொண்டு குடித்துவிட்டாள். வாத்தியார் பானையைத் தூக்கி முற்றத்தில் போட்டு உடைத்தார். பின்னேரம் ஐயாவைக் கூப்பிட்டு, “உன்ரை பெட்டை பள்ளிக்கூடப் பானையை உடைச்சுப்போட்டாள்” என்றார். ஐயா புதுப் பானை வாங்கிக் கொடுத்தார். அவளைத் திரும்ப அனுப்பவில்லை.

லண்டனில் எங்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. இங்கே நம்மவர்கள் முதலில் கேட்பது, “ஊரிலை எவடம்?” ஊரைச் சொன்னால் குறிச்சி, குறிச்சியைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்று கேட்பார்கள். விசாரிப்பவர் சிரித்துக்கொண்டே சாதிக்கு வந்து சேர்ந்துவிடுவார். நானும் தங்கையும் ஊருக்கு ஐந்து மைல் தள்ளி ஒரு சந்தியின் பெயரைச் சொல்வோம். அந்தச் சந்தியில் எல்லாச் சாதியினரும் இருந்தார்கள். கேட்டவரும் அதற்கு மேல் தோண்ட மாட்டார்.

சிவமலருக்கு வேலை கொடுத்தவர் குருமூர்த்தி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, தானே மேசை துடைத்து முன்னேறி, துப்புரவுக் கொந்தராத்து எடுக்குமளவுக்கு வந்தவர். கோயிலில் அவருக்கு மாலை போட்டுத்தான் உள்ளே அழைப்பார்கள். முதலில் எங்கள் ஆட்களையே வைத்திருந்தார். எங்களுக்கு இருக்க அனுமதிப் பேப்பர்கள் கிடைக்கத் தொடங்கியதும், லீவு கேட்டோம், நோய்க்காசு கேட்டோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கொலம்பியாவிலிருந்தும் எக்குவடோரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அங்கேயும் துவக்குக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களாம். அங்கேயும் அண்ணன் தம்பி திரும்பி வருவதில்லையாம். எங்களைப் போலவேதான். தொண்ணூற்று மூன்றுக்குள் அந்தக் கட்டடத்தில் பாதிப்பேர் அவர்கள்.

எங்கள் கடையிலும் அது தெரிந்தது. வாழைக்காயும் மரவள்ளியும் வெள்ளிக்கிழமை இறக்கினால் சனி மத்தியானம் முடிந்துவிடும். கொலம்பியாப் பெண்கள் பழுத்துக் கறுத்த வாழைக்காயைத் தேடி வாங்குவார்கள். முதலாளி அதை முன்பு குப்பையில் கொட்டுவார்; இப்போது தனிப் பெட்டியில் வைத்து விற்றார். ஆனால் அவர்கள் கதவைத் தாண்டியதும் உள்ளே கதை வேறு.

ஒருநாள் குருமூர்த்தியும் கடையில் நின்றார். “அண்ணை, உங்கடை லூசு வந்திட்டுப் போறா” என்றார் முதலாளி. குருமூர்த்தியிடம் வேலைசெய்த அந்தக் கொலம்பியாப் பெண்ணின் பெயர் லூஸ் மரீனா.

குருமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். “பேரிலையே எழுதி ஒட்டிக்கொண்டெல்லோ வந்திருக்கினம்! உவையளாலை லண்டன் ஊத்தையாப் போச்சு. பஸ்ஸிலை ஒரு சத்தம், ஒரு மணம். வெள்ளைக்காரன் எங்களையும் சேர்த்தெல்லோ உவையளோடை எண்ணப்போறான்.”

“வாழைக்காய் விலையையும் ஏத்திப்போட்டாளவை” என்றார் முதலாளி.

ஏற்றியது அவர். விலைச் சீட்டை ஒட்டியது நான். இதே மணத்தையும் சத்தத்தையும் எங்களைப் பற்றிச் சொல்லி இந்த டூட்டிங் தெருவில் முட்டை எறிந்தவர்களை எனக்கு நினைவிருக்கிறது. குருமூர்த்தியின் கோட்டிலும் அந்த முட்டை பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். பின்னறைக்குப் போய் அரிசி மூட்டைகளை அடுக்கினேன்.

இனி, சிவமலர் சொல்லிக் கேட்டது. கட்டடத்தின் நிலவறையில் துப்புரவு ஆட்களுக்கு ஒரு தேத்தண்ணி அறை. ஒரு கேத்தில், ஒரு கழுவும் தொட்டி, மேலே ஒரு தட்டு. தட்டில் எங்கள் ஆட்களின் கோப்பைகள். கொலம்பியாப் பெண்கள் வந்த மாதமே, அங்கே வேலைசெய்த குருமூர்த்தியின் மச்சாள் அருமைநாயகி மூன்று சிவப்பு பிளாஸ்ரிக் கோப்பைகள் வாங்கிவந்து தொட்டிக்கு அடியில், பிளீச் போத்தலுக்கும் தரைத் துணிக்கும் பக்கத்தில் வைத்தாள்.

“இது உவையளுக்கு. உவையள் மாடு தின்னிறவை” என்றாள்.

“மேலை மனேச்சர்மாரும் மாடு தின்னிறவைதானே அக்கா? அவையின்ரை கோப்பையை நாங்கள் கையாலைதானே கழுவுறம்” என்று சிவமலர் கேட்டாளாம்.

“அது வேலை. இது எங்கடை இடம். நீர் சூப்பர்வைசர், உமக்கு நான் சொல்லித்தரவேணுமே?”

கொலம்பியாப் பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தங்களுக்கென்று புதிதாக வாங்கித் தந்த பரிசு என்று நினைத்தார்கள். லூஸ் மரீனா அருமைநாயகியைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாளாம். அருமைநாயகி அன்று வீட்டுக்குப் போய்த் தீட்டுக் கழியத் தலையில் தோய்ந்திருப்பாள். இதை என் தங்கை சொன்னபோது சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

தொண்ணூற்றைந்து பெப்ரவரியில் ஒரு பின்னேரம், சிவப்புக் கோப்பை ஒன்றும் கையில் அகப்படாமல், லூஸ் மரீனா மேல் தட்டிலிருந்து அருமைநாயகியின் சில்வர் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டுக் கழுவித் துடைத்துத் திரும்ப வைத்தாள். வாசலில் நின்ற அருமைநாயகி எல்லாவற்றையும் பார்த்தாள். லூஸ் மரீனா போனபிறகு தம்ளரை ஒரு கடதாசியால் பிடித்துத் தூக்கிக் குப்பைப் பைக்குள் போட்டாள். அவளுடைய அம்மா கொடுத்துவிட்ட, பெயர் பொறித்த தம்ளர். அறையில் அப்போது இருந்தது சிவமலர் மட்டும்.

அடுத்த நாள் குப்பை லொறி போனபிறகு, குருமூர்த்தி லூஸ் மரீனாவை வேலையிலிருந்து நிற்பாட்டினார். காரணம்: அருமைநாயகியின் தம்ளரைத் திருடியது. திருடி என்ற பெயரோடு போனால், சாவிக்கொத்தை நம்பிக் கொடுக்கவேண்டிய இந்த வேலை லண்டனில் எங்கேயும் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும்.

சிவமலர் அவருடைய அறைக்குப் போனாள். “அண்ணை, தம்ளரைக் குப்பையிலை போட்டது அருமைநாயகி அக்கா. நான் பார்த்தனான்.”

“பார்த்தாப்போலை என்ன?”

“அவளைத் திருடி எண்டு சொல்லேலாது.”

குருமூர்த்தி கதவைச் சாத்தினார். குரலை உயர்த்தவில்லையாம். “பிள்ளை, நீர் சொல்லுற சந்தியிலை எனக்கு ஆக்கள் இருக்கினம். விசாரிச்சனான். நீர் ஆரெண்டு எனக்கு இரண்டு வருசமாத் தெரியும். தெரிஞ்சும் உம்மடை கோப்பையை மேல் தட்டிலை வைச்சிருக்கிறன். பேசாமல் இருந்தா அது அங்கையே இருக்கும். சூப்பர்வைசர் வேலையும் இருக்கும்.”

இதைச் சொன்ன வாய்தான் கோயில் மேடையில் அகதிகளின் துயரம் பற்றிப் பேசுகிறது.

அவள் நேரே தேத்தண்ணி அறைக்குப் போனாள். மேல் தட்டிலிருந்த தன் கோப்பையை எடுத்தாள். குனிந்து, சிவப்புக் கோப்பைகளோடு தொட்டிக்கடியில் வைத்தாள்.

இனி நான் கண்டது. லூஸ் மரீனா தொழிற்சங்கத்துக்குப் போயிருந்தாள். சங்கத்திலிருந்து கத்தரின் என்ற ஆங்கிலப் பெண் ஒரு பின்னேரம் சிவமலரின் வாக்குமூலம் எழுத எங்கள் வீட்டுக் குசினிக்கு வந்தாள். கோட்டைக் கழற்றாமலே இருந்தாள். நல்ல மனுசி, ஆனால் அவளால் ஒரு விஷயத்தைத் தாண்ட முடியவில்லை. நான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னேன்.

“தம்ளர் உடைந்திருந்ததா?”

“இல்லை.”

“பழசா?”

“இல்லை. நல்ல தம்ளர்.”

“அப்படியானால் யாரும் நம்பமாட்டார்கள்” என்றாள் கத்தரின். “நல்ல கோப்பையை, அதுவும் தாய் கொடுத்ததை, ஒருத்தி ஏன் எறியவேண்டும்? திருட்டு என்றால்தான் கேட்பவருக்கு விளங்கும். அழுக்காகிவிட்டது என்று எழுதட்டுமா?”

நான் அதைத் தமிழில் சொன்னேன். சிவமலர் மேசையில் தட்டினாள். “ஊத்தை எண்டு எழுத விடாதையுங்கோ அண்ணை. அவள் கழுவித் துடைச்சு வைச்சவள். அவள் குடிச்சவள், அதுதான் காரணம். அப்பிடியே எழுதச் சொல்லுங்கோ.”

“அது இவவுக்கு விளங்காது மலர்.”

“அப்ப பானையைச் சொல்லுங்கோ.”

பானையைச் சொன்னால் நாங்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். அது கடதாசியில் ஏறினால் குருமூர்த்தியின் கைக்குப் போகும். அங்கிருந்து டூட்டிங் முழுவதும் போகும். சந்தியின் பெயர் இனி எங்களைக் காப்பாற்றாது.

“மலர், உன்ரை வேலை போயிடும்.”

“போகட்டும். சொல்லுங்கோ அண்ணை, எனக்கு இங்கிலீசு காணாது. காணுமெண்டா நானே சொல்லுவன்.”

சொன்னேன். பள்ளிக்கூடம், நிலம், தாகம், முற்றத்தில் உடைந்த பானை, ஐயா வாங்கிக் கொடுத்த புதுப் பானை. கத்தரின் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கடைசியில், “இங்கேயுமா?” என்று மட்டும் கேட்டாள். சிவமலருக்கு அது மாற்றிச் சொல்லாமலே விளங்கியது. “ஓம். இங்கையும்” என்று தமிழிலேயே சொன்னாள்.

வாக்குமூலத்தைத் தட்டச்சுச் செய்து அடுத்த கிழமை கொண்டுவருவதாகக் கத்தரின் எழுந்தாள். கைநாட்டு வைத்தாலும் செல்லும், இரண்டு சாட்சி போதும் என்றாள். அதுவரை சிவமலர் கைநாட்டுத்தான் வைத்திருந்தாள். வேலையிடத்து எழுத்தெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கையால் நடந்தது.

“கைநாட்டு வேண்டாம்” என்றாள் சிவமலர். “அந்தாள் என்ன சொல்லும் தெரியுமே? ‘எழுத்துத் தெரியாதவள், என்ன எழுதியிருக்கெண்டு தெரியாமல் பெருவிரலை வைச்சிட்டாள்’ எண்டு சொல்லும்.”

அந்தக் கிழமை முழுவதும் அவள் வேலைக்குப் போனாள். அருமைநாயகி இருக்கும் அறைக்குள் போய், குனிந்து, தொட்டிக்கடியிலிருந்து தன் கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி குடித்தாள். எங்கள் ஆட்கள் ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. இரண்டாம் நாள் எக்குவடோர்ப் பெண்ணொருத்தி அவளுக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாளாம்.

வீட்டில், நான் ஒரு தாளில் அவள் பெயரைப் பெரிதாக எழுதி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பேனா இன்னும் கைக்கு வரவில்லை என்று, கண்ணாடி துடைக்கும் நுரையை ஜன்னலில் அடித்து, அதில் விரலால் எழுதிப் பழகினாள். ‘சி’யின் சுழி அவளைப் பாடாய்ப் படுத்தியது. “ஐயா இந்தப் பேரை வைக்கேக்குள்ளை யோசிச்சிருக்கலாம்” என்று திட்டினாள். எழுதுவாள், துடைப்பாள், திரும்ப எழுதுவாள். லண்டனிலேயே துப்புரவான ஜன்னல் அந்தக் கிழமை எங்களுடையதுதான்.

கத்தரின் வந்தபோது லூஸ் மரீனாவும் கூட வந்தாள். மரவள்ளி மாவில் சுட்ட பணியாரம் போன்ற ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். சிவமலர் எங்கள் வீட்டுத் தம்ளர்களை எடுத்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். லூஸ் மரீனா தம்ளரைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இந்த நாடு அவளுக்கு அதைப் பழக்கவில்லை, நம்மவர்கள் பழக்கியிருந்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சிவமலர் அவளுக்குப் புரியும் பாஷையில் ஏதோ அதட்டினாள். அவள் குடித்தாள்.

நான் வாக்குமூலத்தை முதலிலிருந்து கடைசிவரை தமிழில் வாசித்துக் காட்டினேன். ‘அழுக்கு’ என்ற சொல் எங்கேயும் இல்லை. பானை இருந்தது. சிவமலர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

தாளில் இழுத்திருந்த கோட்டுக்கு மேலே, சற்றுச் சரிந்து, ஐந்து எழுத்து. என் தங்கை தன் பெயரை முதல்முறை கையெழுத்தாக வைத்தது 1995 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.