மாப்ள, நகரு

இது நடந்தது. யாரும் கட்டிவிட்ட கதை இல்லை. நடுராத்திரி, நாய் ஊளை, பாழடைந்த பங்களா எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில், ஒரு லாரிக்குள் நடந்தது. யாருக்கு நடந்ததோ அந்த மனுஷன் இன்னமும் உயிரோடு இருக்கிறார். சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று, அவருடைய வீட்டுக்காரி பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள்.

அவருக்குப் பட்டப்பெயர் கோழி. முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். லோடு ஏற்றுகிற இடம், எடைமேடை, பஞ்சர் கடை என்று வண்டி எங்கே நின்றாலும் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து ஒரு கோழித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். அப்படி வந்த பெயர். இப்போது வேலை இல்லை, நாள் முழுக்கத் தூங்கலாம். ஆனால் தூக்கம்தான் வருவதில்லை. படுத்தால் முதுகு வலிக்கிறது, உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, நின்றால் வீட்டில் கடைக்கு அனுப்புகிறார்கள்.

சாயங்காலமானால் டயர் கடை வாசலில் கிடக்கும் பெஞ்சுக்கு வந்துவிடுவார். அவரைப் போல இன்னும் சில பழைய டிரைவர்கள் அங்கே இருப்பார்கள். ஒருவருக்கு முட்டி மடங்காது, ஒருவருக்கு வலது காது கேட்காது. பேச்சு மட்டும் குறையவில்லை. எந்தப் பாலத்தில் யார் வண்டி கவிழ்ந்தது, எந்தக் கடைக்காரர் குளிக்கத் தண்ணீர் விட்டார், எந்தக் கடைக்காரர் விரட்டினார் என்று ஓடும். அந்த ஊரையே அவர்கள் லோடு லோடாகத்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒருவர் இறக்கியது. ஆஸ்பத்திரி ஜன்னல் கம்பி இன்னொருவர் இறக்கியது.

"சினிமா தியேட்டர் சீட்டு மொத்தமும் என் வண்டியிலதான்யா வந்துச்சு," என்பார் ஹாரன். தொண்டை அப்படி, அதனால் அந்தப் பெயர். "ஆனா அதுல உக்காந்து ஒரு படம் முழுசா பாத்ததில்ல. லைட்ட அணைச்சா தூங்கிடுவேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் பேச்சு இரட்டை டிரைவர் காலத்துக்குப் போனால் கோழி மட்டும் எழுந்து நடையைக் கட்டிவிடுவார். ஏன் என்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஹாரன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேவிட்டார். அன்றைக்கு அவர் சொன்னதுதான் இது.

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் தூர ஓட்டத்துக்கு ஒரு லாரிக்கு இரண்டு டிரைவர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்திருப்பார். ஆள் மாறும்போது வண்டியை நிறுத்த வேண்டும். அதுதான் முறை. ஆனால் லோடு வண்டியை நிறுத்திக் கிளப்பினால் நேரம் போகும், டீசல் போகும், முதலாளியின் வாய் நீளும். அதனால் நேர் ரோடாகப் பார்த்து, வண்டி ஓடும்போதே ஆள் மாறிக்கொள்வார்கள். தப்புதான். போலீஸ் பார்த்தால் தோலை உரிப்பார்கள், பெண்டாட்டிமார் பார்த்தால் உப்பும் வைப்பார்கள். அதனால் வெளியே மூச்சு விடமாட்டார்கள்.

பின்னால் இருப்பவர் "நகரு" என்பார். ஓட்டுகிறவர் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடியே இடுப்பை மட்டும் இடது பக்கம் நகர்த்துவார். வருகிறவர் கதவோரமாகக் காலை விட்டு இறங்கி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து, "புடிச்சிட்டேன்" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் கையை விடலாம். அதற்கு முன்னால் விட்டால் இரண்டு குடும்பமும் நடுத்தெருவில்.

கோழிக்கு ஜோடி அவருடைய மச்சான். வீட்டுக்காரியின் அண்ணன். இரண்டு பேரும் நகமும் சதையும் மாதிரி. "தங்கச்சியக் குடுத்த பாவத்துக்கு உன்னையும் கட்டி இழுக்கறேன் மாப்ள," என்று மச்சான் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். கோழி அசந்து தூங்கினால் தன் முறை முடிந்த பிறகும் எழுப்பாமல் அவரே ஓட்டிக்கொண்டு போவார். அப்படிப்பட்ட மனுஷன்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகு மச்சான் தன் மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போனார். அங்கே ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. கண் மட்டும் ஆளைத் தெரிந்துகொண்டது.

அண்ணனைப் பார்த்துக்கொள்ளக் கோழியின் வீட்டுக்காரி முன்னாலேயே போய்விட்டாள். ஒரு நாள் காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க... அண்ணனுக்கு மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. டாக்டர் கைய விரிச்சுட்டார். உங்க பேரச் சொன்னா மட்டும் கண்ணத் தொறக்குது. சீக்கிரம் வாங்க."

கோழிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மச்சான் கண் மூடுவதற்குள் போய் அந்தக் கையைப் பிடித்துவிட வேண்டும். பஸ் என்றால் மூன்று இடத்தில் மாற வேண்டும், எப்போது போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்துப் பழைய முதலாளி வாசலில் வந்து நின்றார். டைல்ஸ் லோடு ஏற்றி நிற்கிறது, டிரைவருக்குக் காய்ச்சல், போக வேண்டியது அதே ஊர். "இந்த ஒரு ஓட்டம் மட்டும்ணே," என்று கெஞ்சினார். கோழியிடம் லைசென்ஸ் இருந்தது, அவசரமும் இருந்தது. உடம்பில் தெம்புதான் இல்லை. இரண்டு ராத்திரியாகக் கவலையில் பொட்டுத் தூக்கம் இல்லை. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டார். தனியாகத்தான் கிளம்பினார்.

டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள், ராத்திரியைவிட மத்தியானத்துக்குத்தான் பயப்படுவார்கள். ராத்திரித் தூக்கம் சொல்லிக்கொண்டு வரும். மத்தியானத் தூக்கம் திருடன் மாதிரி. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். அது டிரைவருக்கு வந்தால் கதை முடிந்தது.

வழியில் இரண்டு வாய் சாப்பிட்டதுதான் வினையாகப் போயிற்று. இமை கனத்தது. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். தொடையைக் கிள்ளினார். பழைய பாட்டுகளைச் சத்தமாகப் பாடினார். ஓரமாக நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நிறுத்தினால் தூங்கிவிடுவோம், தூங்கினால் சாயங்காலம்தான் விழிப்போம், அதுவரை மச்சான் தாங்க மாட்டார் என்றும் தோன்றியது. நிறுத்தவில்லை.

மணி இரண்டே கால். நேர் ரோடு. எதிரில் ஒரு வண்டியும் இல்லை. கானல் நெளிந்தது. என்ஜின் ஒரே சீராக, ம்ம்ம்ம்... என்று தாலாட்டியது.

"மாப்ள... நகரு."

பின்னாலிருந்து வந்தது. காதுக்குப் பக்கத்தில். கரகரத்த, பழகின குரல்.

கோழி யோசிக்கவே இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், இடுப்பு தானாக இடது பக்கம் நகர்ந்தது. கதவோரமாக யாரோ காலை விட்டு இறங்கினார்கள். சீட்டு... கிரீச்... என்றது.

"புடிச்சிட்டேன்."

கையை விட்டார். பின்னால் ஏறிப் பலகையில் படுத்தார். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது.

டக்... வ்ரூம்... டக்.

கியர் குறைக்கும் சத்தத்தில்தான் விழிப்புத் தட்டியது. கியரை மாற்றும்போது நடுவில் ஆக்சிலேட்டரை லேசாக ஒரு மிதி மிதிப்பது மச்சானின் வழக்கம். கோழி துண்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். மனுஷன் இன்னும் எழுப்பாமல் ஓட்டுகிறாரே என்று நினைத்தார்.

அப்புறம்தான் நினைவு வந்தது.

மச்சான் படுத்த படுக்கையாக அல்லவா கிடக்கிறார்...

நாம் தனியாகத்தானே வந்தோம்...

துண்டை மெதுவாக விலக்கினார்.

சீட்டில் யாரும் இல்லை.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைந்தது. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிற கைதான் அப்படி அசைக்கும்.

கியர்க் கம்பி தானாக முன்னால் போனது.

டக்.

கத்த வேண்டும் என்று நினைத்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம். ஆனால் அந்த இடத்தில் போய் உட்கார... முடியுமா?

ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர் நின்றது. பழுதாகி நிற்கிறது போல. பக்கத்தில் இரண்டு பேர் குனிந்திருந்தார்கள்.

நெருங்கியது...

நெருங்கியது...

ஸ்டீயரிங் விசுக்கென்று வலது பக்கம் திரும்பியது. லோடு ஆடியது. இடது பக்கக் கண்ணாடி எதிலோ உரசி... கர்ர்ர்ர்... தப்பியது. யாரோ திட்டுவது பின்னால் கேட்டது.

கோழி கண்ணை இறுக மூடிக்கொண்டார். வண்டி எங்கெங்கே திரும்பியதோ, அவர் திறக்கவே இல்லை.

வேகம் குறைந்தது.

வண்டி ஓரம் கட்டியது.

கிர்ர்ர்... ஹேண்ட் பிரேக்.

என்ஜின் நின்றது.

கதவு திறக்கவில்லை. யாரும் இறங்கவில்லை. ஒரு மூச்சு மட்டும் நீளமாக... ஹூம்... என்று கேட்டது. வேலை முடித்த மனுஷன் விடுகிற மூச்சு.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாரோ தெரியாது. பிறகு தட்டுத் தடுமாறி இடது பக்கக் கதவு வழியாக இறங்கினார். சுற்றிப் பார்த்தார். மச்சானின் மகன் வீட்டுத் தெரு முனையில், மளிகைக் கடையைத் தாண்டி, நிழல் பார்த்து வண்டி நின்றிருந்தது. வலது பக்கம் போய் எட்டி சீட்டைத் தொட்டார். ஆள் எழுந்து போன சூடு இருந்தது.

அங்கே நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. பார்த்ததுமே விளங்கிவிட்டது.

வீட்டுக்காரி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தாங்க... ஒரு கால் மணி நேரம்கூட ஆகல."

கோழி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். இவ்வளவு தூரம் வந்தும் உயிரோடு பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இருந்தது. மச்சான் வந்து ஓட்டியிராவிட்டால் அந்த டிராக்டரோடு தன் கதையும் முடிந்திருக்கும் என்பதும் அதே நேரத்தில் உறைத்தது. ஆம்பிளை என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதார்.

அழுகை ஓய்ந்த பிறகு அவள் அவரை உள்ளறை வாசலுக்குக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களாவது கேளுங்க. ரெண்டே கால் இருக்கும், மருந்து குடுக்கப் போனேன். அண்ணனோட வெளங்காத வலது கால் ஆடுச்சுங்க. அமுக்கி அமுக்கி எடுத்துச்சு. ரெண்டு கையும் முன்னாடி நீட்டி எதையோ புடிச்சிட்டிருந்துச்சு. உடம்பெல்லாம் வேர்வை."

"ம்."

"டாக்டருக்குப் போன் பண்ணோம். நரம்பு இழுக்குது, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டார். ஒரு தடவ ரெண்டு கையும் விசுக்குனு ஒரு பக்கமா திரும்புச்சு பாருங்க, கட்டிலே ஆடிப்போச்சு. அப்புறம் கைய எறக்கி எதையோ இழுத்துச்சு. பெருசா ஒரு மூச்சு விட்டுச்சு. அடங்கிடுச்சுன்னு நெனச்சேன்."

கோழி அவள் முகத்தைப் பார்த்தார். "அடங்கலையா?"

"இல்லீங்க. கொஞ்ச நேரம் சும்மா கெடந்துச்சு. அப்புறம் மறுபடி ரெண்டு கையும் முன்னாடி போச்சு. கால் அமுக்குச்சு. திடீர்னு... யாரோ பின்னாடி இருந்து கூப்பிட்ட மாதிரி தலையத் திருப்புச்சு. கைய எடுக்காமயே இடுப்ப மட்டும் செவுத்துப் பக்கமா நகத்துச்சு. காத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் கைய விட்டுச்சு. அதோட சரி. போயிடுச்சு."

ஓடும் வண்டியில் ஆள் மாறுகிற விஷயம் அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் சொன்னதில்லை.

"யாருக்குங்க அண்ணன் எடம் விட்டுச்சு?"

கோழி உள்ளே பார்த்தார்.

மச்சான் கட்டிலில் இடது பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தார். முகத்தில் அசந்த தூக்கம்.

கதவுப் பக்கம் பாதிக் கட்டில் காலி.

அந்தப் பாதியில்... மெத்தை அமுங்கியிருந்தது.