மதினி கேட்ட மாட்டுப் படம்

டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றதும் உடன்குடியிலிருந்து மதினி போன் போட்டார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா.

“ஏளா, இங்கிலீஷ்ல ஒரு சொல்லு தெரியாது ஒனக்கு. அங்கன போயி ரூமுக்குள்ள கெடந்து டிவி பாத்துட்டு வரப்போற.”

“மாட்டுக்காரனுவளுக்குப் பேர்போன ஊருக்குக் கூட்டிட்டுப் போறாவளாம் மதினி. மாடு பாக்க இங்கிலீஷ் எதுக்கு?”

“அப்ப மாட்டுக் கொம்பப் புடிச்சிட்டு ஒரு போட்டோ கொண்டா. நம்புதேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன். என் அப்பா கருப்பட்டி ஏற்றிச் சந்தைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். கொம்பு பிடிப்பது எனக்குப் புதிதா?

மருமகன் தங்கமானவர், கையை விட்டுக் காசு போனால் மட்டும் காய்ச்சல் வந்துவிடும். அந்த ஊரில் இலவசமாக எதையெல்லாம் பார்க்கலாம் என்று முன்னாலேயே தேடி வைத்திருந்தார். காரை நிறுத்தக் காசு கேட்பார்கள் என்று வெகு தூரத்தில் விட்டுவிட்டு, புளிச்சோற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். சேலைக்குக் கீழே நான் போட்டிருந்த மகளின் பழைய பூட்சைப் பார்த்து வெள்ளைக்காரிகள் சிரித்தார்கள். நான் அவர்களுடைய தொப்பியைப் பார்த்துச் சிரித்தேன்.

தினமும் தெருவில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவார்களாம், அதற்குக் காசில்லை. மணியடித்ததும் ஜனங்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். எங்கள் ஊர் வண்டிப் பந்தயம் போலப் பாய்ந்து வரும் என்று நினைத்துச் சேலையை இழுத்துச் செருகினேன். மருமகனின் கையைப் பிடித்து ஒரு கடை வாசலுக்குள் இழுத்தேவிட்டேன்.

வந்த மாடுகளோ கல்யாணச் சாப்பாடு முடித்துவிட்டு வெற்றிலை வாங்கப் போகிறவர்கள் மாதிரி நடந்தன.

“அத்தை, இது ஓடாது. நடக்கத்தான் செய்யும்.”

“ஓடாத மாட்டப் பாக்கவா மாப்ள இம்புட்டு தூரம் நடந்தோம்?”

ஆனால் கொம்பைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பாயை விரித்துக் காயப்போடலாம்.

தெருமுனையில் ஒரு மாட்டை நிறுத்தியிருந்தார்கள். அதன்மேல் ஏறிப் படம் எடுக்கக் காசு. மருமகனுக்கு முகம் சுருங்கியது.

“தூரமா நில்லுங்க அத்தை. மாடும் நீங்களும் சேந்து விழுற மாதிரி எடுக்கேன்.”

“கொம்பப் புடிக்கணும் மாப்ள. மதினிகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்லா.”

மகள் காசு கொடுக்கச் சொன்னாள். அவர் மாட்டேன் என்றார். இரண்டு பேரும் வழக்கை முடிப்பதற்குள் நான் மாட்டிடம் போய்விட்டேன். மாட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மாட்டுக்கு இரண்டும் தெரியாது. நாக்கைச் சொடுக்கி, “பா... பா...” என்று கழுத்துக்கடியில் சொறிந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தாடையை என் தோளில் வைத்தது. அதற்குள் என் கைப்பையிலிருந்த கருப்பட்டியை மோப்பம் பிடித்துவிட்டது. ஒரு துண்டு கொடுத்தேன். கையை மணிக்கட்டு வரைக்கும் நக்கியது.

மாட்டுக்காரர் தொப்பியைத் தூக்கிச் சிரித்துவிட்டு, ஏறிக்கொள்ளுங்கள் என்று முதுகைத் தட்டிக் காட்டினார்.

“மேல ஏற நான் என்ன எமதர்மனாய்யா?” என்று சொல்லிவிட்டுக் கொம்பு நுனியைப் பிடித்தேன். அவர் காசு கேட்கவே இல்லை.

“மாப்ள, எடுங்க!”

கிட்டே வந்தால் காசு கேட்டுவிடுவார்கள் என்று பயந்து, மருமகன் தெருவுக்கு அந்தப் பக்கம், மாட்டுக்குப் பின்னால் நின்றே எடுத்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் மதினியிடம் படத்தைக் காட்டினேன். படம் முழுக்க மாட்டின் பின்புறம், வால். ஓரத்தில் ஒரு கொம்பு. அதன் நுனியில் என் கை.

மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இது நம்ம தொழுவத்துல எடுத்ததுல்லா!”

“அந்தக் கொம்பு ஒங்க தொழு வாசலுக்குள்ள நுழையுமா மதினி?”

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, மாடு அங்கன உள்ளதுதான். கை ஒன்னுதுன்னு எப்படி நம்ப?”

“வளையலப் பாருங்க. என் கல்யாணத்துக்கு நீங்க போட்டது. அளவு பாக்காம வாங்கிட்டிய, இன்னைக்கு வரைக்கும் கழட்ட முடியல.”

மதினி போனை என்னிடம் நீட்டிவிட்டு, காப்பி போட எழுந்து போனார்.