ஈரக்கால் வந்த பின்னேரம்

சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக்குள் பேய் வந்தது. அந்தப் பேய் நான்தான் என்பது எனக்கும் சித்திக்கும் மட்டும் தெரியும்.

அப்போது எனக்கு எட்டு வயது. வெள்ளவத்தையில் கீழ்மாடி வீடு. பின் கேற்றைத் திறந்தால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். அம்மாவின் தங்கையான சித்தி கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தாள். பஸ்ஸில் இடித்தவனைச் சிங்களத்திலேயே ஏசி அடுத்த ஹோல்ட்டில் இறக்கிவிட்டவள். அவளைப்போல வரவேண்டும் என்று நான் நினைக்காத நாளில்லை.

அவள் தன்னோடு வேலை செய்த ஒருவரை விரும்பினாள். படிப்பும் குணமும் சரி, ஊரும் எங்கள் ஊர்தான். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் ஒரு சின்னத் தீவு. சிக்கலே அந்த ஊர்தான். அம்மப்பாவின் ஒரே தங்கை ஒருகாலத்தில் சித்தி விரும்பியவரின் குடும்பத்துப் பொடியன் ஒருவனை விரும்பியிருக்கிறாள். அம்மப்பா மறித்திருக்கிறார். அக்கரையில் கடையொன்றில் நின்ற அவனிடம் போய்ச் சேர, ஒரு விடியற்காலை யாருடையதோ தோணியை எடுத்துக்கொண்டு அவள் தனியே புறப்பட்டாள். காற்று எழும்பியது. தோணி மட்டும் திரும்பி வந்தது.

அதன்பிறகு அந்த இரண்டு குடும்பங்களுக்குள் கல்யாணப் பேச்சு எடுத்தால் அவள் ஈரக்காலோடு வீட்டுக்குள் வந்து மறிப்பாள் என்று கதை. ஒரு சம்பந்தம் அப்படிக் குழம்பியும் இருக்கிறதாம். வீடு, வளவு, மாடு எல்லாவற்றையும் தீவில் விட்டுவிட்டு வந்த எங்கள் ஆட்கள் இந்தக் கதையை மட்டும் பத்திரமாகக் கொழும்புக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

சித்தி எதையும் ஒளிக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"அப்பா, நான் அவரைத்தான் கட்டுவன். ஆனால் ஒளிச்சு ஓடமாட்டன். அவையள் வந்து கேப்பினம். நீங்களே பதில் சொல்லுங்கோ."

அம்மப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். ஒரு மாதம் அவளோடு கதைக்கவில்லை. பிறகு, "வரச்சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் வருவதாக இருந்த பின்னேரம் எல்லோரும் குசினியில் பலகாரத்தோடு மல்லுக்கட்டினார்கள். புதுச் சட்டையோடு ஒரு மூலையில் இருக்கச் சொன்னால் எவ்வளவு நேரம் இருப்பது? ரயில் பாதையைத் தாண்டிப் போய்க் கடலில் கால் நனைத்தேன். அகப்பட்டால் அடி விழும். மண் தெரியக்கூடாதென்று பின்பக்கக் குழாயில் கால் கழுவி, ஹோலுக்குள்ளால் ஓடி அறைக்குள் புகுந்தேன். அதேநேரம் வாசலில் மணி அடித்தது.

மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் வந்தார்கள். கூடவே கொட்டாஞ்சேனையில் அவர்களோடு இருந்த ஒரு வயதானவரும் வந்தார். மாப்பிள்ளையின் சின்னத் தாத்தா. அம்மப்பா தங்கைக்கு மறித்த அந்தப் பொடியன் அவர்தான். கடைசிவரை கல்யாணமே செய்யவில்லை. அம்மப்பா அவருடைய முகத்தைப் பார்க்காமலே, "இருங்கோ" என்றார். வயதானவர் சோபாவின் நடுவில் இருந்தார்.

அப்போதுதான் அம்மா கத்தினாள். பின்கதவிலிருந்து வெள்ளை டைல்ஸில் ஈரக்கால் அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சோபாவடியில் நின்றுவிட்டிருந்தன. அங்கிருந்த கம்பளத்தில் ஏறித்தான் நான் ஓடியிருந்தேன்.

அம்மப்பாவின் முகம் வெளுத்தது. "அவளின்ரை கால் சின்னக் கால்," என்றார். மாப்பிள்ளையின் தாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சித்தி கால் அடையாளத்தைப் பார்த்தாள். கதவிடுக்கில் நின்ற என்னையும், நனைந்திருந்த என் சட்டைக் கரையையும் பார்த்தாள். பிறகு தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மறிக்க வந்தவை வாசலிலை எல்லோ நிப்பினம்? இது உள்ளுக்கு வந்த கால், அப்பா. வந்த காலைத் துரத்தப் போறியளோ?"

அந்த வயதானவர் மெல்ல அசைந்து சோபாவின் ஓரத்துக்கு ஒதுங்கினார். பக்கத்தில் ஓர் ஆள் இருக்க இடம் விட்டு, வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

அம்மப்பா அந்த வெற்றிடத்தை நெடுநேரம் பார்த்தார். அவருடைய வாய் கோணியது. முதல்முறையாக அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, "தேத்தண்ணி குடியுங்கோ," என்றார். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனிடம் திரும்பி, "நல்ல நாளாப் பாப்பம்," என்றார்.

வீடு கலகலத்தது. நான் துணிந்து வெளியே வந்து சோபாவில் காலியாக இருந்த இடத்தில் ஏறப்போனேன்.

"அதிலை வேண்டாம் பிள்ளை. இஞ்சை வா," என்று அந்த வயதானவர் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். என் சட்டைக் கரைகூட அந்த இடத்தில் படாதபடி இழுத்து ஒதுக்கிவிட்டார்.

பேய்க்கு இவ்வளவு பயப்படுகிறாரே என்று எனக்குப் பாவமாகிவிட்டது. பேயும் இல்லை ஒன்றும் இல்லை, அது என்ரை கால்தான் என்று காதுக்குள் சொல்லி அவரைத் தேற்ற வாயெடுத்தேன். சித்தி சட்டென்று வந்து பலகாரத் தட்டிலிருந்து என் வாயில் ஒரு துண்டு தொதலைத் திணித்துவிட்டுப் போனாள். எதற்கும் பயப்படாத என் சித்தி, பாவம் ஒரு கிழவரைப் பயத்தோடேயே இருக்க விட்டுவிட்டாளே என்று, அன்று முழுக்க எனக்கு அவளோடு கோபம்.