எட்டு மடங்கு பைனாகுலர்

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் சுரங்க வரிசை வீடுகளில் விளையாட ஆளே இல்லை. தங்கச் சுரங்கம் மூடியபின் ஒவ்வொரு குடும்பமாகப் பெங்களூருக்குப் போய்விட்டது. அம்மா குவைத்தில் நர்ஸ் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் எழுமுன்பே அப்பா பெங்களூர் வேலைக்குக் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிவிடுவார். திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். பக்கத்து வீட்டு அத்தைதான் சாப்பாடு போடுவார். ஒரே வீட்டில் இருந்தும் நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

மிச்ச நாளெல்லாம் எனக்குப் பறவைகள். வீட்டுக்குப் பின்னால் சைனைட் மேடு. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், குன்றாகக் கிடக்கும். அதன் சரிவில் சின்னச் சின்னப் பொந்துகள். வாலில் ஊசிபோல் நீண்ட இறகுள்ள ஒரு பச்சைக் குருவி, தும்பியைக் கவ்விக்கொண்டு வந்து அங்கே மறைந்துபோகும். பொந்துக்குள் நுழைகிறதா, பக்கத்துப் புதருக்குள் போகிறதா? கிட்டே போனால் பறந்துவிடும், எட்ட நின்றால் தெரியாது. ஒரு மாதமாக எனக்கு இதே கவலை. ஒரு ஞாயிறு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார். காதில் விழுந்ததாகக்கூடத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு ராபர்ட்சன்பேட்டையில் கேமரா விற்கும் கடைக்கு அழைத்துப்போனார். முன்பே சொல்லிவைத்திருந்தார் போலும், கடைக்காரர் மூன்று பைனாகுலர்களை எடுத்து வைத்தார். நான் ஆகப்பெரியதைத் தூக்கிக்கொண்டேன்.

“அது பன்னெண்டு மடங்கு காட்டும் பாப்பா. எதிர் மாடில பருந்து குந்தினு இருக்குது பாரு.”

பார்த்தேன். பருந்து வட்டத்துக்குள் நிற்காமல் துள்ளியது.

“ஆடுது.”

“ஆடத்தான் செய்யும். உன் கை நடுங்குறதையும் பன்னெண்டு மடங்கு காட்டுமே! எட்டு எடுத்துக்கோ. கொஞ்சம் சின்னதா தெரியும், ஆனா நிலையா நிக்கும். பறக்குறதையும் சட்டுனு புடிச்சிடலாம்.”

நான் பெரியதை விடவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அப்பா குனிந்து, “பருந்து கண்ணு இன்னா கலரு, சொல்லு பாக்கலாம்” என்றார். எவ்வளவு முயன்றும் சொல்ல முடியவில்லை. எட்டு மடங்கைக் கையில் கொடுத்தார். கண் பழுப்பு. உடனே தெரிந்தது.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். “மூக்குக் கண்ணாடி போட்டுனு பாத்தா இதுல முழுசா தெரியுமாங்க?” என்று அப்பா கேட்டார். கடைக்காரர் கண் வைக்கும் இடத்து ரப்பரை மடித்துவிட்டார். அப்பா வாசலில் நின்று அந்தப் பருந்தை வெகுநேரம் பார்த்தார். எனக்கு வாங்கும் பொருளில் இவர் கண்ணாடிக்கு என்ன வேலை என்று நான் சலித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கடுத்த ஞாயிறு காலை நான் எழுந்தபோது அப்பா ஷூ மாட்டி, பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தயாராக நின்றிருந்தார்.

“போலாமா?”

“நீ வாணாம்ப்பா. ரெண்டு பேர் போனா பறந்துடும். நீ தூங்கு.”

“சரிம்மா” என்று பின்வாசல் படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். பாவம், வாரம் முழுக்க அலைகிறவர், தூங்கட்டும் என்று நல்லது செய்த நினைப்போடு நான் ஓடினேன்.

மேட்டோரம் புதர் மறைவில் காத்திருந்தேன். குருவி வந்தது. அலகில் தும்பி. ஒரு நொடி சரிவில் ஒட்டி நின்றது. பிறகு நேராகப் பொந்துக்குள் போயிற்று! கத்த வேண்டும்போல் இருந்தது. சுற்றிலும் யாருமில்லை. சும்மா பைனாகுலரை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

அப்பா உள்ளே போகவே இல்லை. அதே படியில் இருந்தார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லை. நெற்றியில் கையைக் குடையாக வைத்து மேட்டைத் துழாவிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் வெறுங்கண்ணுக்கு நான் தெரிந்திருக்கமாட்டேன்.

தூங்கச் சொன்னால் இந்த அப்பா ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பைனாகுலரை மறுபடி பொந்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.