சாரத்தால் துடைத்த சூரியன்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் தலவிலக் கரையில் எங்கள் வீட்டுக் கூரைமேல் ஒரு கண்ணாடிக் குமிழைப் பூட்டினார். வெயிலின் பலத்தை அளக்கும் கருவி. சூரியன் வருடக்கணக்கில் கூடிக் குறைவதை மேலே சுற்றும் செய்மதிகள் அளக்கின்றனவாம். அந்த வித்தியாசம் ஒரு பிடி அரிசியில் ஒரு மணியளவுதானாம். கீழே வந்துசேரும் வெயிலையும் ஒருவர் பார்க்க வேண்டுமே. பூமிசாத்திர வாத்தியாரான நான் அகப்பட்டேன். தினமும் குமிழை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, மதியம் கருவி காட்டும் எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும்.

ஒன்பதாம் வருடம் கொப்பிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். சூரியன் குறைந்துகொண்டே வந்திருந்தது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். 'சூரியன் மங்குகிறது' என்று பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். தபாலில் போடுமுன் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டு வந்து, இங்கே கருவாடு போடுகிறவர்.

"எங்கட கருவாட்டுக்கு இத ஆரும் சொல்லல்லயே மாஸ்டர். அது காய அண்டைக்கும் மூணு நாள், இண்டைக்கும் மூணு நாள்."

கூரையேறிக் குமிழை நகத்தால் தடவினார். "லாம்புச் சிமினி மாதிரிக் கீறி மங்கிக் கிடக்கு. எதால துடைக்கிறீங்க?"

"உடுத்திருக்கிற சாரத்தால."

"தண்ணி?"

கிணறு உப்பாகிப் போனதிலிருந்து குடிதண்ணீர் காசுக்கு, பிளாஸ்டிக் கானில்தான் வருகிறது. அதைக் கண்ணாடிக்கு ஊற்ற மனைவி விடுவாளா? கடலுப்பும் மணலும் படிந்த குமிழை, ஒரு நாள் தவறாமல், உலர்ந்த சாரத்தலைப்பால் தேய்த்திருக்கிறேன். நான் சோம்பேறியாக இருந்திருந்தால் சூரியன் இவ்வளவு மங்கியிராது.

கடிதத்தைக் கிழித்துவிட்டு உண்மையை எழுதினேன். பதில் வந்தது: 'எப்போதிருந்து தண்ணீர் இல்லாமல் துடைக்கிறீர்கள்? தெரிந்தால் அதற்கு முந்திய பதிவுகளையாவது காப்பாற்றலாம்.'

எனக்கு ஞாபகமில்லை. சூரியனின் ஒவ்வொரு நாளும் கொப்பியில் இருக்கிறது. என் கள்ளம் தொடங்கிய நாள் இல்லை. இரண்டு நாள் கதிரையில் இருக்க முடியவில்லை. கடைசியில் குசினிக்குப் போய், சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டேன்.

"கிணறு எப்ப உப்பானது?"

"சின்னவள் சேர்ச்சில முதல் நன்மை எடுத்த அண்டைக்குத்தானே, தேத்தண்ணி உப்பெண்டு உங்கட அக்கா எல்லாருக்கும் முன்னால துப்பினவ! அடுத்த நாளே கான் வாங்கினம். மறந்து போச்சோ?"

அலுமாரியில் எங்கள் சின்ன மகளின் முதல் நன்மைப் படம் இருந்தது, பின்னால் திகதியோடு. அந்தத் திகதிக்கு முந்திய மூன்று கொப்பிகள் தப்பின. அவற்றைக் கட்டி அனுப்பினேன். மற்ற ஆறையும் என்ன செய்வதென்று பேராசிரியர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.