வெடிக்காத வெளிச்சம்

என் கைத்தொலைபேசியில் ஒரு சின்ன வீடியோ இருக்கிறது. பிக்கரிங்கில் எங்கள் வீட்டு அழைப்புமணியில் பூட்டிய கமரா பிடித்தது. பனிக்கால மாலை. கடைக்குப் போய்விட்டு வந்து நானும் என் கணவரும் காரை விட்டு இறங்குகிறோம். திடீரென்று வானம் பட்டப்பகலாகிறது. அவர் பால் பையைக் கீழே போட்டுவிட்டு, என் தலையை ஒரு கையால் அமத்திக் கார்ச் சில்லோடு கிடத்துகிறார். "கீழை படும், படும். தலையைத் தூக்காதையும்."

விழுந்தது ஒரு பெரிய எரிகல். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? யாழ்ப்பாணத்தில் இரவில் அப்படி வெளித்தால் அது ஆமி பரசூட்டில் தொங்கவிட்ட பரா லைட். பின்னாலேயே ஷெல் வரும். அவர் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். "வெடிக்கேல்லை," என்றார், நம்பமுடியாமல். வெடித்தது பால் பை மட்டும்தான். மனிசனுக்கு ஊசி என்றாலும் பயம், நாய் என்றாலும் பயம். ஆனால் அந்த நேரம் என்னை மூடிக்கொண்டுதான் படுத்தார்.

மகள் அந்த வீடியோவைச் சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். "மீட்டியோர், அப்பா. உதுக்குப் போய் அம்மாவை ஸ்னோவுக்கை விழுத்திப் போட்டீங்களே," என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே பிறந்த பிள்ளையைக் கோபித்து என்ன செய்ய?

போன வருடம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. மகள் ஒஷாவாவில் இருக்கிறாள். இந்த வீட்டில் நான் இருமினால் ஏனென்று கேட்க நாதியில்லை.

போன கிழமை குப்பைத் தொட்டியை வீதிக்குத் தள்ளிக்கொண்டு போனபோது வானம் மறுபடி வெளித்தது. இந்த முறை அது எரிகல் என்று எனக்குத் தெரியும். பச்சையாக எரிந்து எதிர்வீட்டுக் கூரைக்குப் பின்னால் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மகள் அழைத்தாள். கமரா பிடிப்பதெல்லாம் அவளுடைய போனுக்கும் போகும்.

"அம்மா, மீட்டியோர் எண்டு தெரியும்தானே. பிறகேன் குந்தினனீங்கள்?"

"கால் வழுக்கிப் போட்டுது பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு வாறன் அம்மா," என்றாள்.

போனை வைத்துவிட்டு இரண்டு வீடியோக்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதே ட்ரைவ்வே, அதே வெளிச்சம். முதலாவதில் என் தலைமேல் அவருடைய கை இருக்கிறது. இரண்டாவதில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழவி குந்தியிருக்கிறாள். அவள் தலைமேல் இருப்பது அவளுடைய கைதான்.