சுடலைமுத்து அண்ணாச்சி நட்ட கம்புகள்

செய்தி வந்தபோது நான் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். போனில் பேசியது என்னோடு மண் சுமக்கும் மாரி. “யக்கா, அண்ணாச்சியைக் கரண்டு அடிச்சிட்டு. உசிரு இல்ல” என்றாள். “எந்த அண்ணாச்சிட்டி?” என்று கேட்டேன். எங்களுக்கு ஒரே ஒரு அண்ணாச்சிதான். தெரிந்தேதான் கேட்டேன். வேறு பெயர் எதையாவது சொல்லிவிட மாட்டாளா என்ற நப்பாசை.

அச்சன்புதூர் சுடலைமுத்து அண்ணாச்சி, சாலையோரம் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் எங்கள் கூட்டத்தின் மேஸ்திரி. மீசைக்கு மை பூசாமல் வேலைக்கு வர மாட்டார். டீயில் சீனி குறைந்தால் அன்று முழுக்க எல்லோருக்கும் திட்டு விழும். தோண்டுவதில் மட்டும் அவசரமே கிடையாது. முதலில் குறுக்காக ஒரு சின்னப் பள்ளம் எடுத்துப் பார்ப்பார். அதில் கடப்பாரையைத் தொட விடமாட்டார். மண்வெட்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

“என்ன அண்ணாச்சி, பள்ளம் தோண்டச் சொன்னா மண்ணுக்குத் தலை சீவி விடுதீரு?” என்பேன்.

“ஏட்டி இசக்கி, கீழ கெடக்கது உசிரோட கெடக்கு. ஒன் வாய் மாதிரி. சும்மா கெடக்கும்போது சீண்டப்படாது” என்பார். என் வாயை அடைத்த ஒரே மனிதர் அவர்தான்.

செம்மண்ணுக்குள் ஆற்று மணலும் வரிசைச் செங்கலும் தெரிந்தால் அடியில் மின்சாரக் கேபிள் போகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடுவார். பள்ளத்தைத் திறந்து போட்டால் ஆள் விழுந்துவிடும் என்று மூடிவிட்டு, கேபிள் போகும் வாக்கில் கம்புகளை வரிசையாக நட்டு, சிவப்புத் துணி கட்டுவார். சுண்ணாம்புக் கோடு போட்டால் குற்றாலச் சாரலில் ஒரு பொழுது தாங்காது. கம்பு உள்ள பக்கம் மண்வெட்டி, கம்பில்லாத பக்கம் கடப்பாரை. இதுதான் அவர் எங்களுக்கு வைத்திருந்த சட்டம்.

இந்த வருடம் குற்றாலம் சாலையில் அப்படி நட்டுவிட்டு, குழாய் வந்து சேரும்வரை வேறு தெருவுக்குப் போனோம். அதற்குள் சீசன் களைகட்டிவிட்டது. ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பார்த்தால், கம்புகளின் அடியில் குங்குமமும் எலுமிச்சம்பழமும்! அருவியில் குளித்த ஈரத்தோடு ஒரு குடும்பம் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

“அம்மா, இது சாமி இல்ல. கீழ கரண்டு போவுது” என்றார் அண்ணாச்சி.

“கரண்டு சாமியா? ரொம்பத் துடியானதோ?” என்று அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சிரித்த சிரிப்பில் மண் சட்டியைக் கீழே போட்டேன். அண்ணாச்சியும் சிரித்துவிட்டார்.

குழாய் வந்ததும் எங்கள் சூப்பர்வைசரிடம் அவர் கேட்டார்: “சார், கேபிள் பக்கம் தோண்டுதோம். லைனை நிறுத்தச் சொல்லும்.”

“சீசன்ல கரண்டை நிறுத்துனா கடைக்காரன் என்னையப் பொதைச்சிருவான்வே. நீருதான் குறி வச்சிருக்கீருல்லா? பாத்துத் தோண்டும்.”

மறுநாள் நான் காதுகுத்துக்குப் போனேன். அண்ணாச்சி கம்புகளை விட்டு நன்றாகத் தள்ளி நின்று கடப்பாரையைப் போட்டிருக்கிறார். கேபிள் அங்கேதான் இருந்தது.

தென்காசி ஆஸ்பத்திரி வாசலில், அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் மதினியின் காதில் விழவே சூப்பர்வைசர் சொன்னார்: “குறி வச்சது அவருதான. தப்பா வச்சிட்டாரு. நாங்க என்ன செய்ய?” கம்பெனியும் போலீசில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தது. மதினி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “அவுக தப்பாவா வச்சாக, இசக்கி?”

நான் குற்றாலத்துக்குப் போனேன். நாங்கள் கம்பு நட்ட இடத்தில் சிப்ஸ் கடை ஒன்று முளைத்திருந்தது. அதை ஒட்டியே அண்ணாச்சி கடைசியாகத் தோண்டிய பள்ளம். கம்புகள் பக்கத்து மருதமரத்தடியில் அதே வரிசையில், அதே சிவப்புத் துணியோடு நின்றன. அடிமண் புதுசு.

“சாமி எப்பய்யா நடந்து வந்துச்சு?” என்று கடைக்காரர் செல்லையாவிடம் கேட்டேன்.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதார். “கடை போட எடம் வேணும் தாயி. சாமியைத் தூக்கி எறிய மனசு வரல. தேங்கா ஒடைச்சு, மன்னிப்புக் கேட்டு, மரியாதையாத்தான் தள்ளி வச்சேன். பள்ளம் தோண்டுத ஆளு வச்ச அடையாளம்னு எனக்குத் தெரியாது தாயி.”

தூக்கி எறிந்திருந்தால் அண்ணாச்சி கம்பைக் காணவில்லையே என்று மறுபடியும் சுரண்டிப் பார்த்திருப்பார். மரியாதை செய்து கொன்றுவிட்டார்கள்.

நான் கூப்பிட்டதும் செல்லையா மறுக்காமல் அச்சன்புதூருக்கு வந்தார். சொந்தபந்தம் எல்லாரும் கூடியிருந்த வீட்டில், “நான்தான் மாத்தி வச்சேன்” என்று கைகூப்பிச் சொன்னார். மதினி அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: “இதைப் போலீசுலயும் வந்து சொல்லுவீரா?”

செல்லையா தரையைப் பார்த்தார். “சொல்லுதேன் தாயி. சீசன் முடியட்டும்.”

அண்ணாச்சி, சீசன் இன்னும் முடியவில்லை. முடிந்தாலும் அவர் வருவார் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் ஊர் அறிய இதை எழுதிவைக்கிறேன். நீர் வைத்த குறி தப்பவில்லை. போய் வாரும்.

அன்றைக்குச் செல்லையா போன பிறகு, அவர் குடிக்காமல் வைத்த காப்பியை மதினி எடுத்துக்கொண்டு போய் வாசலில் ஊற்றினார். டம்ளரைக் கழுவவில்லை. தெருவிலேயே எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.